வளர்க்க முடியாமல் போன தங்கமீனை என்ன செய்வது? திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

போன மார்கழியில், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம், பாலையூற்றுப் பக்கம் ஒரு குளக்கரையில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு அப்பாவும் ஏழெட்டு வயது மகளும் நின்றார்கள். பிள்ளையின் கையில் 2 லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா, மூடி இல்லை. உள்ளே ஒரு ஓரண்டா, தலையில் கொண்டை வைத்த உருண்டைத் தங்கமீன். வால் ஓரம் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது, இடது கண்ணில் பால் விழுந்த மாதிரி ஒரு வெள்ளை, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. நானும் வண்டியை நிறுத்திக் கேட்டேன். "அடுத்த மாதம் கனடா போறம் அண்ணன். கடையில கேட்டன், கண்ணைப் பாத்திட்டு எடுக்க மாட்டம் எண்டிட்டினம். கொல்ல மனம் வரேல்ல. குளத்தில விட்டா எப்பிடியும் பிழைச்சுக்கொள்ளும்தானே" என்றார்.

அந்த மனிதர் இரக்கத்தில்தான் அங்கே வந்து நின்றார். குளத்துக்கு மீனோடு வருகிற எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். இரக்கம் இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. அந்த மீனை நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ தங்கமீன்களை வாங்கியிருக்கிறேன், வேறு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன், சிலதைப் பிழையாக அனுப்பிச் சாகவும் விட்டிருக்கிறேன். அதில் படித்ததெல்லாம் கீழே இருக்கிறது.

முதலில், கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டுமா?

வெளிநாடு போகிறவர்கள், வாடகை வீடு மாறி மாடிக்குப் போகிறவர்கள், வீட்டில் நோயாளி இருப்பவர்கள், இவர்களுக்கு வேறு வழி இல்லை, நேரே அடுத்த பகுதிக்குப் போங்கள். ஆனால் "தண்ணி மணக்குது", "கிழமைக்கு இரண்டு தரம் கழுவ வேண்டியிருக்கு", "மீன் பெரிசாப் போச்சு" என்பதுதான் காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். தங்கமீன் கெண்டைக் குடும்பம். அதற்கு இரைப்பை என்று ஒன்று தனியாக இல்லை, தின்பது குடல் வழியே ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் எப்போதும் பசித்த மாதிரியே கண்ணாடியில் வந்து முட்டும், நாமும் பாவம் என்று போட்டுக்கொண்டே இருப்போம். போட்டதெல்லாம் கழிவாகிறது. நாளுக்கு இரண்டு தரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், மணம் குறையும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அழகான கண்ணாடித் தொட்டிதான் வேண்டும் என்றில்லை, நீல பிளாஸ்டிக் பரலைக் குறுக்கே வெட்டினாலும் நல்ல தொட்டிதான். ஒரு ஸ்பொஞ் பில்டரும் சின்னக் காற்று மோட்டாரும் போட்டு, கிழமைக்கு ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் பலர் செய்யும் பெரிய பிழை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்று கடைகளில் சொல்வார்கள். சின்னத் தொட்டியில் வளர்ச்சி நிற்பது உண்மைதான், ஆனால் அது கழிவு நிறைந்த தண்ணீரில் கிடந்து குன்றிப் போவது. நல்ல இடத்தில் ஓரண்டா, ரியூகின் போன்ற உருண்டை மீன்கள் 6 முதல் 8 அங்குலம் வரை வரும், கொமெட் என்கிற நீளவால் மீன் ஒரு அடியைத் தொடும். ஆயுளும் நாங்கள் நினைப்பது போல ஒன்றிரண்டு வருடம் இல்லை. 10, 15 வருடம் சாதாரணம். இங்கிலாந்தில் 1956 இல் ஒரு களியாட்ட விழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை, 43 வருடம், உயிரோடு இருந்தது. எனவே மீனைக் கொடுக்கும்போது பத்து வருடப் பொறுப்பைக் கைமாற்றுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவரிடமும் அதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

குளம், கிணறு, கடல் மூன்றும் வேண்டாம்

குளத்தில் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மீன் சாகும். செம்மஞ்சள் நிறத்தில் மெதுவாக நீந்தும் உருண்டை மீன் கொக்குக்கும் நீர்க்காகத்துக்கும் விராலுக்கும் தட்டில் வைத்த சாப்பாடு. தொட்டியில் பிறந்து தொட்டியில் வளர்ந்தது, ஒளியத் தெரியாது. நான் முன்னர் சொன்ன ஓரண்டாவுக்கு ஒரு கண் வேறு தெரியவில்லை. அன்று அந்தக் குளத்தில் விட்டிருந்தால் விடிவதற்குள் முடிந்திருக்கும்.

மற்றது, மீன் பிழைக்கும். இதுதான் எனக்கு இன்னும் பயம். கொமெட் மாதிரி மீன்கள் உரமானவை, சேற்றைக் கிண்டிக் கிண்டித் தின்னும், தண்ணீர் கலங்கும், அடியில் படிந்திருந்த சத்தெல்லாம் மேலே வந்து பாசி பிடிக்கும், நீர்ச்செடிகள் வேரோடு பிடுங்குப்படும், மற்ற மீன்களின் முட்டையும் அதன் வாய்க்குள் போகும். ஒரு பெண் மீன் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். குஞ்சுகள் செம்மஞ்சளாகப் பிறப்பதில்லை, கபிலமும் பச்சையும் கலந்த நிறத்தில்தான் வரும், குளத்தில் சில தலைமுறை போனால் கூட்டமே அந்த நிறத்துக்குத் திரும்பிவிடும், பிறகு கொக்குக்கும் லேசில் தெரியாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் பேர்ன்ஸ்வில் நகரம் 2021 இல் தன் ஏரியிலிருந்து பிடித்த தங்கமீன்களின் படத்தைப் போட்டு, "தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள்" என்று ஊர்மக்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய பெரிய மீன்கள். எல்லாம் யார் யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து போனவை, அல்லது அவற்றின் குஞ்சுகள்தான்.

எங்கள் நாட்டில் இந்தக் கதை ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கும் டாங்க் கிளீனர் மீனை ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விட்டு விட்டு, இன்று வலையில் அது சிக்கினால் முள்ளுத் தோலில் வலை கிழிகிறது என்று மீனவர்கள் அவதிப்படுகிறார்கள். விற்கவும் முடியாது, தின்னவும் ஆளில்லை. திலாப்பியா 1952 இல் உணவுக்கென்று கொண்டு வரப்பட்டது, அது பலருக்குச் சோறு போடுகிறது, அதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் குளத்தில் எந்தக் குஞ்சை விடுவது என்பதைப் பார்ப்பதற்கு தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது, அது ஐஸ்கிரீம் டப்பாவோடு வரும் நாங்கள் எடுக்கிற முடிவு இல்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வயலுக்கும் போகிறது, எங்கள் குழாய்க்கும் வருகிறது, அதை நம்பி மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நோயும் சேர்ந்து போகும் என்பதையும் மறக்க வேண்டாம். தங்கமீனுக்கு வரும் ஒருவகை ஹெர்பீஸ் வைரஸ், வெளியே ஒரு குறியும் காட்டாமல் மீனுக்குள் கிடக்கக்கூடியது.

கோவில் கேணியும் அப்படித்தான். புண்ணியம் என்று விடுவார்கள். நிழலில்லாத கேணியில் பங்குனி சித்திரை வெயிலில் தண்ணீர் வற்றி வெந்நீராகிறபோது அந்த மீன்களைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிணறு. எங்கள் ஊரில் நுளம்புக் குடம்பியைத் தின்னக் கிணற்றில் கப்பி என்கிற சின்ன மீனை விடுகிற பழக்கம் உண்டு, அதைப் பார்த்துத் தங்கமீனையும் விடுகிறார்கள். தங்கமீன் கப்பியைப் போலப் பல மடங்கு கழிவு போடும், அது நீங்கள் குடிக்கிற தண்ணீர். இன்னொன்று, வெள்ளம் வந்து போன பிறகு கிணறுகளை இறைத்துக் குளோரின் போடச் சொல்லி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார், போட்டால் அடுத்த நாளே மீன் மிதக்கும். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உவர் வேறு. கடலைப் பற்றி ஒரு வரி போதும்: நன்னீர் மீனைக் கடலில் விட்டால் உப்பு அதன் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

வளவுக்குள்ளேயே திறந்த சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவர்களும் ஐப்பசி தொடங்க முன்னர் கவனிக்க வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் கரையில் ஏறிய இரவு என் தொட்டி நிரம்பி வழிந்து மூன்று மீன் வாய்க்காலுக்குப் போய்விட்டது. நான் விடவில்லை, ஆனால் போனது போனதுதான். இப்போது விளிம்புக்கு ஒரு சாண் கீழே ஓட்டை போட்டு வலை கட்டிய குழாய் வைத்திருக்கிறேன், மேலே நைலோன் வலையும் இறுக்கிக் கட்டியிருக்கிறது.

யாரிடம் கொடுப்பது

முதலில் "ஓம்" என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இடம் வைத்திருக்கிறவரிடம் கொடுங்கள். இந்த இரண்டும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம்.

வாங்கிய கடையில் கேட்பது சரிதான், நோயில்லாத நல்ல மீனைச் சில கடைக்காரர் காசில்லாமல் எடுப்பார்கள், சிலர் அதற்குப் பதிலாக மீன் தீனி தருவார்கள். கிடைக்கவில்லையா, வட்ஸ்அப் குறூப்பிலும் பேஸ்புக்கிலும் படத்தோடு போடுங்கள். படம் பக்கவாட்டில் எடுத்தது ஒன்று, மேலிருந்து எடுத்தது ஒன்று, பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் அளவு தெரியும். "இலவசம்" என்று மட்டும் எழுத வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அரோவானா மாதிரி வேட்டை மீன் வளர்க்கிறவர்களுக்கு இலவசத் தங்கமீன் என்றால் அது தீனி. ஒரு சின்னத் தொகை கேளுங்கள், ஆள் நல்லவர் என்று தெரிந்ததும் அந்தக் காசுக்குத் தீனி வாங்கி மீனோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

வருகிறவரிடம் வடிவாகக் கதையுங்கள். தொட்டி எத்தனை லீற்றர், எத்தனை மாதமாகத் தண்ணீர் ஓடுகிறது, பில்டர் என்ன, உள்ளே வேறு என்ன மீன், மூடி இருக்கிறதா, வீட்டில் பூனை உண்டா, ஊரை விட்டுப் போனால் யார் தீனி போடுவார். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நாய்க்குட்டி கொடுத்தாலும் இதெல்லாம் கேட்போம்தானே. தொட்டியை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் நானும் தயங்குவேன். அளவுக்கு நாங்கள் வைத்திருக்கும் கணக்கு, முதல் உருண்டை மீனுக்கு 75 லீற்றர், பிறகு ஒவ்வொன்றுக்கும் 40. கொமெட் என்றால் தொட்டியே வேண்டாம், சீமெந்துக் குளம் உள்ளவராகப் பாருங்கள். உருண்டை மீனையும் கொமெட்டையும் ஒன்றாகப் போட்டால் கொமெட் ஓடி ஓடி எல்லாத் தீனியையும் தின்றுவிடும், உருண்டை மீன் பட்டினி கிடக்கும். டாங்க் கிளீனர் இருக்கிற தொட்டிக்கும் கொடுக்காதீர்கள். இரவில் அது தங்கமீனின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பை உறிஞ்சும், அந்த இடம் புண்ணாகும். கப்பிக் குஞ்சுகள் உள்ள வீடு என்றால் தங்கமீன் அவற்றைத் தின்றுவிடும் என்று முன்னரே சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். பிள்ளைகள் நன்றாகப் பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் யார் பார்ப்பது என்று ஒரு ஆசிரியரோ காவலாளியோ தன் வாயால் பொறுப்பெடுத்தால் மட்டும் கொடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளில் முற்றத்துக் குளங்கள் இருக்கின்றன, அதுவும் நல்ல இடம்தான். ஆனால் அங்கே சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான். கார்த்திகையில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற சின்ன விடுதியில் மீனுக்குத் தீனி போட ஆள் இருக்குமா, மழைக்குக் குளம் வழியுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தையும் கேளுங்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்தக் கிழமைகளில் மோட்டார் நின்று செத்த மீன்கள் எத்தனை வீட்டில். தண்ணீர் சூடானால் அதில் தங்கும் ஒட்சிசன் குறையும், 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் அளவு கரைந்திருப்பது 30 பாகையில் ஏழரைக்கு இறங்கும், எங்கள் ஊரில் ஆனி ஆடியில் தொட்டி 30 ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். பட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று வைத்திருப்பவரானால் எனக்கு அரைவாசி நம்பிக்கை வந்துவிடும். இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு, ஒரு பேணியால் தண்ணீரை அள்ளி ஒரு அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றலாம்.

உங்கள் பக்கத்து உண்மையையும் மறைக்காமல் சொல்லுங்கள். வயது, எப்போது வாங்கியது, என்ன தின்னும், குழாய்த் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா, முன்னர் வெண்புள்ளி நோய் வந்ததா, தலைகீழாக மிதக்கும் பழக்கம் உண்டா. உடம்பில் வெள்ளைப் புள்ளி, செதில் நிமிர்ந்திருப்பது, புண், ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பது என்று எது இருந்தாலும் முதலில் சுகப்படுத்துங்கள், பிறகு கொடுங்கள். வாங்குகிறவரும் புது மீனை மூன்று கிழமையாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தன் மீன்களோடு சேர்க்க வேண்டும்.

மீனோடு பில்டரும் போக வேண்டும்

இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டம்தான். சில வருடங்களுக்கு முன்னர் மூன்று ரியூகின்களை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன். நல்ல மனிதர்கள், 150 லீற்றர் தொட்டி, புதுப் பில்டர், புது விளக்கு, எல்லாம் அன்றைக்கே வாங்கிக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம். நாலாம் நாள் காலை அந்த அக்கா அழைத்தார், மூன்றும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, செவுள் சிவந்து கிடக்கிறது என்று. ஓடிப் போவதற்குள் ஒன்று முடிந்துவிட்டது, பின்னேரம் மற்ற இரண்டும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவு. அந்தத் தெளிவில்தான் பிழை இருந்தது.

மீன் செவுள் வழியே அமோனியாவை வெளியே விடுகிறது. பழகிய தொட்டியில் பில்டர் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒருவகை பக்டீரியா குடியிருந்து அந்த அமோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் நஞ்சு, கடைசியானது கிழமைக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பக்டீரியா ஒரு புதுத் தொட்டியில் தானாக நிலைப்பதற்கு நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். நான் அன்று கொடுத்தது மீனை மட்டும். என் பழைய ஸ்பொஞ்சைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்த மூன்றும் இன்று ஒரு சாண் நீளம் வளர்ந்திருக்கும்.

அதனால், மீனைக் கொடுக்கும்போது ஓடிக்கொண்டிருந்த பில்டரையோ குறைந்தது அதன் ஸ்பொஞ்சையோ சேர்த்துக் கொடுங்கள். கழுவ வேண்டாம், மண்ணிறச் சேறு மாதிரி இருப்பதுதான் அதன் உயிர். தொட்டித் தண்ணீரிலேயே அமிழ்த்தி, காற்றுப் படும்படி மூடாத பாத்திரத்தில் வைத்துக் கொண்டு போய், அதே நாள் அங்கே ஓட விடுங்கள். காய்ந்தாலோ குளோரின் தண்ணீர் பட்டாலோ செத்துவிடும். முழுத் தொட்டியையும் தேய்த்துக் கழுவக் கூடாது என்று முன்னர் சொன்னதும் இதனால்தான். வாங்குகிறவருடைய தொட்டி பல மாதம் ஓடிய பழைய தொட்டி என்றால் இந்தக் கவலை குறைவு.

கொண்டு போகும் நாள்

முதல் நாளே தீனியை நிறுத்துங்கள். வெறும் வயிறாக இருந்தால் பையில் கழிவு குறையும். விடியப்புறம் அல்லது பின்னேரம் ஐந்துக்குப் பிறகு புறப்படுங்கள், வெயிலில் வேண்டாம். மீனை வலையால் அள்ளாமல் ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சரித்து அதற்குள் மெதுவாக ஓட்டிப் பிடியுங்கள். ஓரண்டாவின் கொண்டையும், கண் துருத்திய இன மீன்களின் கண்களும் வலையில் உரசினால் புண்ணாகும்.

நல்ல தடித்த பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போடுங்கள், அடிமூலை இரண்டையும் இறப்பர் பட்டியால் கட்டி உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்ன மீன் மூலைக்குள் இறுகி மூச்சு முட்டும். மூன்றில் ஒரு பங்கு அதன் தொட்டித் தண்ணீர், மிச்சம் காற்று. தண்ணீர் கூட இருந்தால் நல்லது என்று நிரப்புகிறவர்கள் உண்டு, மீனுக்கு அந்த நேரம் வேண்டியது காற்று. ஒரு பைக்கு ஒரு மீன். ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து மூடினால் சூடும் ஏறாது, இருட்டில் மீனும் பதறாது. ஐந்தாறு அங்குலத்துக்கு மேற்பட்ட மீன் என்றால் பையை விடுங்கள், மூடியில் ஓட்டை போட்ட 20 லீற்றர் வாளி நல்லது, ஓட்டோவில் காலுக்கிடையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம். நகரத்திலிருந்து கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி வரை இப்படியே போய்விடலாம். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று தூரம் போவதானால் மீன் கடையில் பைக்கு ஒட்சிசன் அடித்துத் தரச் சொல்லுங்கள், பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிடாமல் ஒரு ஆளின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பையைக் கட்டு அவிழ்க்காமல் புதுத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்க விடுங்கள், சூடு சமனாகும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த பயணம் என்றால் பிறகு அவிழ்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு யோக்கட் கோப்பை அளவு புதுத் தண்ணீரை அரை மணி நேரம் சேர்த்து மீனைப் பழக்கலாம். ஆனால் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் பையில் கிடந்த மீனுக்கு இந்த அரை மணி நேரப் பழக்கம் கெடுதல். மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு தண்ணீரைப் புளிப்பாக வைத்திருக்கும், புளிப்பில் அமோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு பறந்துவிடும், புளிப்புக் குறையும், அடங்கிக் கிடந்த அமோனியா அந்த நிமிடமே நஞ்சாகிவிடும். அப்படிப்பட்ட மீனைச் சூடு சமனானதும் பையைத் திறந்து உடனே கையால் ஏந்தித் தொட்டிக்குள் விட்டுவிடுங்கள். இரண்டு விதத்திலும் பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது.

குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் முன்னரே வாயகன்ற வாளியில் பிடித்து வைத்தது, அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கும் துளி போட்டது. முதல் நாள் தீனி இல்லை, அடுத்த மூன்று நாளும் பாதி. லீற்றருக்கு 1 கிராம் கணக்கில் கல்லுப்புக் கரைத்து விட்டால் நைட்ரைட் ஏறினாலும் மீன் கொஞ்சம் தாங்கும். மூன்றாம் நாள் ஒரு தரம், பத்தாம் நாள் ஒரு தரம் நீங்களே அழைத்து விசாரியுங்கள். "சரிவராவிட்டால் திருப்பி என்னிடமே தாருங்கள், குளத்தில் மட்டும் விடாதீர்கள்" என்று கொடுக்கும்போதே சொல்லி வைத்தால், கஷ்டம் வந்தால் அவர்களுக்கும் வெட்கமில்லாமல் வர முடியும். வெளிநாடு போகிறவர்கள் இந்தப் பொறுப்பை இங்கே இருக்கிற ஒரு தம்பியிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

ஒருவரும் எடுக்காவிட்டால்

இரண்டு மாதம் முன்னரே தேடத் தொடங்கினால் பெரும்பாலும் யாராவது கிடைப்பார்கள். விமானச் சீட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது தேடுகிறவர்கள்தான் குளக்கரைக்கு வருகிறார்கள். அவசரம் என்றால் மீன் வளர்க்கும் ஒருவரிடம் "ஒரு மாதம் வைத்திருங்கள், நான் ஆள் தேடித் தருகிறேன்" என்று கேளுங்கள், நிரந்தரமாக எடுக்கத் தயங்குகிறவரும் ஒரு மாதத்துக்கு மறுக்க மாட்டார்.

தேறவே தேறாத நோய், பல நாளாகத் தின்னாமல் அடியில் சரிந்து கிடக்கிறது என்றால், முதலில் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒரு தரம் கேளுங்கள். அங்கே பெரும்பாலும் மாடு, ஆடு, நாய்தான் பார்ப்பார்கள், ஆனாலும் கேட்பதில் பிழையில்லை. முடிவு அதுதான் என்றால் கராம்பு எண்ணெய் இருக்கிறது, பல்வலிக்கு மருந்துக் கடையில் வாங்குவதேதான். தொட்டித் தண்ணீர் 2 லீற்றர் எடுத்து அதில் மீனை விடுங்கள். சின்னப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு எண்ணெய் நாலு துளி போட்டுப் பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, மெதுவாகச் சேர்த்தால் சில நிமிடத்தில் மயங்கிச் சாயும். தொட்டாலும் அசையாத நிலை வந்த பிறகு இன்னும் 20 துளியை அதே மாதிரிக் குலுக்கிச் சேர்த்து, செவுள் அசைவு முழுக்க நின்ற பின்னும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மயங்கிய மீன் திரும்ப எழும்புவது உண்டு, அதனால் அவசரப்பட வேண்டாம். உயிரோடு கக்கூசில் ஊற்றுவது, ஐஸ் பெட்டிக்குள் வைப்பது, தரையில் போட்டு விடுவது எல்லாம் கொடுமை. பிறகு வளவில் நாய் கிண்டாத ஆழத்தில் புதையுங்கள். வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லுங்கள், "குளத்துக்குப் போயிட்டுது" என்று சொல்ல வேண்டாம், அடுத்த மீனை அந்தப் பிள்ளை உண்மையாகவே குளத்துக்குக் கொண்டு போகும்.

மிச்சமிருக்கிறவை

தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாமல் வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றுங்கள், நல்ல பசளை. ஆனால் உப்புப் போட்ட தண்ணீரை வாழைக்கு ஊற்ற வேண்டாம். செடிகளைச் சீமெந்துத் தரையில் பரப்பி மொறுமொறுவென்று காயவிட்டுப் பிறகு குப்பைக் கிடங்கில் போடுங்கள், ஒரு சின்னத் துண்டும் வாய்க்காலுக்குப் போகக் கூடாது. ஆகாயத்தாமரையைக் கட்டுப்படுத்த இந்த நாட்டில் 1909 இலேயே சட்டம் கொண்டு வந்தார்கள், இன்றைக்கும் குளங்களில் அது கிடக்கிறதைப் பார்க்கிறோம். அதுவும் யாரோ அழகுக்கென்று கொண்டு வந்த செடிதான். நத்தைகளுக்கும் இதே கவனம் வேண்டும். டாங்க் கிளீனர் இருந்தால் அதற்கும் தங்கமீனைப் போலவே ஆள் தேடுங்கள், கஷ்டமாக இருக்கும், ஒரு அடிக்கு மேல் வளரும் என்று தெரிந்தே எடுக்கிற ஆளாக வேண்டும்.

அந்த ஓரண்டா இப்போது தம்பலகாமத்தில் ஒரு வீட்டுச் சீமெந்துத் தொட்டியில் இருக்கிறது. வால் திரும்ப முளைத்துவிட்டது, கண் மட்டும் தெளியவில்லை. தீனி போடுகிறவர் அதற்குப் பார்வை உள்ள வலப்பக்கமாகத்தான் போடுவார். பிள்ளைக்கு மாதம் ஒரு தரம் வீடியோ போகிறது.

கடைசியாக, வெறுந்தொட்டியை வெளியே வைப்பதானால் கவிழ்த்து வையுங்கள். மழைத் தண்ணீர் ஒரு கிழமை தேங்கி நின்றால் நுளம்பு பெருகிவிடும்.